மாட்டின் வயிற்றில் முதல் பந்தி யாருக்கு?

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். மிஞ்சிய சாதத்தைக் குப்பையில் கொட்ட மனசு வரவில்லை. எங்கள் மாட்டுக்கு ஒரு அன்னக்கூடை, பக்கத்து வீட்டு அத்தையின் மாட்டுக்கு ஒரு அன்னக்கூடை என்று சாயங்காலம் வைத்தோம். எங்களுடையது ஜெர்சி கலப்பு, கன்று போட்டு இருபதே நாள். ஆசையாகத்தான் தின்றது. மறுநாள் காலையில் பால் கறக்கவில்லை, மதியம் படுத்தது, அதற்கு அடுத்த நாள் விடிவதற்குள் செத்துப்போய்விட்டது. அத்தையின் மாடு இரண்டு நாள் மந்தமாக இருந்து எழுந்துவிட்டது. அத்தை தினமும் ரேஷன் அரிசிக் கஞ்சி கொஞ்சம் வைப்பார். அதே சாதத்தைத் தின்ற தெரு நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை, நாங்களும் அதைத்தான் சாப்பிட்டோம். மாமியார் கண்ணேறு என்கிறார். மாட்டுக்கு நாலு வயிறு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். நாலு வயிறு இருந்தும் ஒரு கூடை சோறு செரிக்காதா? தாயில்லாத கன்றை இனி எப்படி வளர்ப்பது?
— ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

கறவையில் இருந்த மாட்டைக் கண்ணெதிரே பறிகொடுத்திருக்கிறீர்கள். என்ன சொன்னாலும் அது ஈடாகாது. அந்தத் தெரு நாயைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

நாய்க்கும் பன்றிக்கும் நமக்கும் செரிமான முறை ஒன்றுதான். சோறு இரைப்பைக்குப் போகும், அங்கே அமிலம் சேரும். அப்புறம் சிறுகுடலில் செரிமான நீர்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும், ரத்தம் அதை எடுத்துக்கொள்ளும். இவ்வளவும் முடிந்து மிச்சம் மீதி பெருங்குடலுக்கு வரும்போதுதான் அங்கே குடியிருக்கும் கிருமிகளுக்குச் சாப்பாடு. வீட்டுக்காரருக்கு முதல் பந்தி, கிருமிகளுக்குக் கடைப்பந்தி. மாட்டுக்கு இது அப்படியே தலைகீழ். உள்ளே போனது எதுவானாலும் முதல் பந்தியில் உட்காருவது கிருமிகள்தான். அவை சாப்பிட்டு மிஞ்சியதும், சாப்பிட்ட பிறகு அவை வெளியே விடுவதும்தான் மாட்டுக்கு. நீங்கள் வைத்த கூடைச் சோற்றில் மாட்டுக்கென்று போய்ச் சேர்ந்தது சொற்பம். உள்ளே இருந்த கோடானுகோடி கிருமிகளுக்குத்தான் அன்று கல்யாண விருந்து.

நாலு வயிறு என்பதையும் கொஞ்சம் திருத்திக்கொள்ளலாம். வயிறு ஒன்றுதான், அறைகள் நாலு. வீட்டில் ஆட்டுக்குடல் வாங்கிச் சுத்தம் செய்திருக்கிறீர்களா? ஆடும் அசைபோடும் பிராணி, அமைப்பு அதேதான். டர்க்கித் துண்டு மாதிரி சொரசொரவென்று இருக்கும் பெரிய பகுதி முதல் அறை. தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக இருப்பது இரண்டாவது. புத்தகத் தாளை அடுக்கியது போல மடிப்பு மடிப்பாக, எத்தனை தண்ணீரில் அலசினாலும் இடுக்கில் தழைத் துணுக்கு மிஞ்சுகிறதே, அது மூன்றாவது. வழவழவென்று இருப்பது நாலாவது. நம் இரைப்பையைப் போல அமிலம் சுரப்பது அந்த ஒன்றுதான். ரூமென், ரெட்டிகுலம், ஒமேசம், அபோமேசம் என்று நாங்கள் கல்லூரியில் மனப்பாடம் செய்த பெயர்கள் இவை.

மாடு பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் அந்த முதல் அறையில், அதாவது ரூமெனில். வளர்ந்த கலப்பின மாட்டுக்கு அது 100 லிட்டருக்கு மேல் பிடிக்கும். இடது விலாவுக்குப் பின்னால் வயிறு முழுக்க அதுதான். உள்ளே எந்நேரமும் 39 டிகிரி செல்சியஸ் சூடு, ஈரம், காற்று என்பதே கிடையாது. மூடி போட்டு வைத்த மாவுப் பானை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரில் ஒரு மில்லிலிட்டர் எடுத்தால் ஆயிரம் கோடிக்கு மேல் பாக்டீரியா இருக்கும். அவற்றைவிடப் பெரிய, புரோட்டோசோவா என்னும் ஒற்றைச் செல் உயிர்கள் லட்சக்கணக்கில். கூடவே பூஞ்சைகளும். காற்றில்லாத இடத்தில் பூஞ்சை பிழைக்காது என்றுதான் விஞ்ஞானிகள் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். 1975-ல் இங்கிலாந்தில் காலின் ஆர்பின் என்பவர் செம்மறி ஆட்டின் ரூமெனிலிருந்து அதைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் நம்பினார்கள்.

இத்தனை கூட்டம் எதற்கு? வைக்கோலின் நாரை உடைக்கத்தான். மாட்டின் உடம்பு அதற்கான செரிமான நீரைச் சுரப்பதே இல்லை. எந்தப் பாலூட்டியும் சுரப்பதில்லை. கிருமிகள் நாரைத் தின்று, அசிட்டிக், புரோபியானிக், பியூட்டிரிக் என்று சில லேசான அமிலங்களை வெளியே விடுகின்றன. துண்டு மாதிரி இருக்கிறது என்றேனே, அந்தச் சொரசொரப்பு வழியாக அவை நேரே ரத்தத்துக்குப் போகும். மாட்டுக்குக் கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த அமிலங்கள்தான். அசிட்டிக் அமிலம் என்றால் வேறொன்றும் இல்லை, வினிகரில் இருப்பது. பாலில் கொழுப்பு கட்டுவதற்கு முக்கியச் சரக்கே அதுதான். வைக்கோலையும் சோளத்தட்டையையும் குறைத்து, தவிடும் கஞ்சியும் கூட்டிய வீட்டில் பால் அளவு ஏறியிருக்கும், சொசைட்டியில் ஊற்றும்போது கொழுப்பு மட்டும் இறங்கியிருக்கும். மெஷின் சரியில்லை என்று சண்டை போடுபவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய்த் தீவனத் தொட்டியைப் பார்க்க வேண்டியவர்கள்.

அமிலத்தோடு முடியவில்லை. வைக்கோலில் புரதம் மிகச் சொற்பம். அதைத் தின்று வளர்ந்த கிருமிகளின் உடம்போ புரதம். அவை சக்கையோடு அடித்துக்கொண்டு நாலாவது அறைக்குப் போகும்போது மாடு அவற்றையே செரித்துவிடுகிறது. விருந்துக்கு வந்தவர்களையே கடைசியில் விழுங்கிவிடும் வீடு!

இப்போது அசைபோடுவதற்கு வருவோம். மாடு முதலில் தின்னும்போது சரியாக மெல்லாது, அவசர அவசரமாக உள்ளே தள்ளும். வைக்கோலோடு கிடக்கும் கம்பித் துண்டும் ஆணியும் உள்ளே போவது இதனால்தான். அப்புறம் நிழலில் படுத்து, ஒரு கவளத்தை மேலே வரவழைத்து, 40 முதல் 60 தடவை மென்று விழுங்கி, அடுத்ததை எடுக்கும். கவனித்துப் பாருங்கள், கழுத்தின் இடது பக்கம் ஒரு உருண்டை கீழே இறங்குவது தெரியும், சில நொடியில் அடுத்தது ஏறும். ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் இதே வேலை. கோயில் யானையின் லத்தியில் ஓலை நார் நாராகத் தெரியும். மாட்டுச் சாணத்தில் அப்படித் தெரியாது, அதனால்தான் அதை வைத்து வாசல் மெழுக முடிகிறது.

மெல்லுவதால் இன்னொரு காரியமும் நடக்கிறது, உங்கள் மாட்டின் கதைக்கு அதுதான் முக்கியம். நார்த்தீவனம் தின்று நன்றாக அசைபோடும் பெரிய மாட்டுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் ஊறும். வீட்டுக் குடத்தால் அளந்தால் ஆறேழு குடம். அந்த உமிழ்நீரில் ஆப்ப சோடாவில் இருக்கிற அதே உப்பு இருக்கிறது. கிருமிகள் அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கும், உமிழ்நீர் அதன் புளிப்பை முறித்துக்கொண்டே இருக்கும். பானை அளவாகப் புளித்தபடியே இருக்கும், அளவு தாண்டாது.

சோற்றை மெல்ல வேண்டுமா? குழைந்த சாதம் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். மெல்லாததால் உமிழ்நீர் குறைவு, உமிழ்நீர் குறைந்ததால் சோடா குறைவு. வைக்கோலின் நாரைக் கடிக்க நாள் கணக்கில் ஆகும் கிருமிகளுக்கு, வெந்த மாவுச்சத்து ஒரே மூச்சில் கரைந்து கிடைக்கிறது. அதில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போவிஸ் என்று ஒரு ரகம் உண்டு. சாதாரண நாளில் மூலையில் கிடக்கும், எண்ணிக்கையில் கொஞ்சம்தான். மாவுச்சத்து கொட்டிக் கிடந்தால் அரை மணிக்குள் இரட்டிப்பாகும். இரவு முழுக்க அப்படி இரட்டித்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அது விடுவது லாக்டிக் அமிலம், தயிரைப் புளிக்கவைக்கும் அதே அமிலம். மற்ற அமிலங்களைவிட இதற்குப் புளிப்பு பல மடங்கு அதிகம். ரூமெனின் அமில அளவு வழக்கமாக 6-க்கும் 7-க்கும் நடுவில் நிற்கும் (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்). அன்று இரவு அது 5-க்கும் கீழே போயிருக்கும். அந்தப் புளிப்பில் நாரைத் தின்னும் கிருமிகள் சாகும், புரோட்டோசோவா சாகும், லாக்டிக் அமிலத்தைத் தின்று குறைக்கும் நல்ல ரகங்களும் சாகும். புளிப்பைத் தாங்கும் லாக்டோபேசில்லஸ் மட்டும் மிஞ்சி, இன்னும் புளிக்கவைக்கும். ரூமெனின் அசைவும் நின்றுபோகும்.

இதற்குப் பிறகு நடப்பதுதான் மாட்டைக் கொல்கிறது. மாங்காயில் உப்பைப் போட்டால் தண்ணீர் விட்டுக்கொள்கிறது அல்லவா? அதுபோல, கெட்டிப்பட்ட அந்தப் புளித்த குழம்பு உடம்பிலுள்ள தண்ணீரை ரூமெனுக்குள் இழுக்கும். வயிற்றில் தண்ணீர் தளதளவென்று ஆடும், ரத்தத்திலோ தண்ணீர் வற்றிப்போகும். கண் குழி விழும், மூக்கு காயும், புளித்த நாற்றத்தோடு கழியும். லாக்டிக் அமிலம் ரத்தத்திலும் ஏறிவிட்டால் மாடு தள்ளாடிப் படுத்து, தலையை விலாப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். ரத்தத்தில் கால்சியம் குறைவதால் வரும் பால் காய்ச்சலும் பார்க்க இப்படித்தான் இருக்கும், கன்று போட்ட மாடு வேறு. அதனால் சிலர் கால்சியம் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். பால் காய்ச்சல் பெரும்பாலும் கன்று போட்ட முதல் இரண்டு மூன்று நாளில் வருவது. இருபதாம் நாள் படுத்த மாட்டை வைத்துக்கொண்டு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நேற்று என்ன தின்றது என்பது.

அத்தையின் மாடு பிழைத்ததற்கும் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தினமும் கொஞ்சம் கஞ்சி குடித்துப் பழகிய வயிற்றில், மாவுச்சத்தைத் தின்னும் கிருமிகளோடு, அவை விடும் லாக்டிக் அமிலத்தைத் தின்று குறைக்கும் கிருமிகளும் ஏற்கெனவே பெருகியிருக்கும். கிருமிக் கூட்டம் ஒரு புதுத் தீவனத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். உங்கள் மாட்டுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. போதாததற்கு, கன்று போட்டு மூன்று வாரத்துக்குள் இருக்கும் மாட்டின் ரூமென் வழக்கத்தைவிட பலவீனமானது. அதற்காகத் தினமும் ரேஷன் அரிசி கொதிக்கவைத்துப் போடுவதை நான் சிபாரிசு செய்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2011 ஜூனிலிருந்து அரிசி இலவசமாகக் கிடைப்பதால், அதன் பிறகு வேலையில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்த பழக்கம் அது. அந்த அரிசி யாருக்காக வருகிறது என்கிற நியாயத்தை நான் பேசவில்லை. தீவனமாகப் பார்த்தாலே அது ஒற்றைக் காலில் நிற்கும் தீவனம்: மாவுச்சத்து மட்டும்தான், நாரும் இல்லை, புரதமும் போதாது.

உங்கள் மாமியாரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். காலங்காலமாக மாட்டுக்குச் சோறு போட்டோமே என்று அவர் சொன்னால் அதுவும் உண்மைதான். அவர் காலத்தில் போட்டது கழனித்தண்ணியும் வடிகஞ்சியும், தட்டில் மிஞ்சிய ஒரு பிடி சோறும். சோறு கூடைக்கணக்கில் மிஞ்சும் வீடு அன்று எத்தனை இருந்தது? மாட்டுப் பொங்கலன்று ஒரு உருண்டை பொங்கலை வாழைப்பழத்தோடு ஊட்டுவதால் எந்த மாடும் சாகாது. நாலு வீட்டிலிருந்து நாலு பேர் பானையோடு வந்து ஊட்டினால்தான் வம்பு. தை மூன்றாம் தேதி காலையில் கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே போல ஒரு மாடு வந்தது, கோயில் அன்னதானச் சோறு. வயிற்றில் குழாய் விட்டுக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்தேன். நல்ல மாட்டின் ரூமென் நீர் பச்சையும் பழுப்புமாக இருக்கும், மைக்ராஸ்கோப்பில் தேர்த்திருவிழாக் கூட்டம் மாதிரி புரோட்டோசோவா ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும். இது பால் கலந்த சாம்பல் நிறம், பழைய காடி நாற்றம், ஒன்றுகூட அசையவில்லை. குளுக்கோசும் சோடா உப்பும் நரம்பில் ஏற்றி, குழாய் வழியே வயிற்றைக் கழுவியெடுத்தோம். அது போதாது, செத்த கிருமிகளுக்குப் பதிலாகப் புதுக் கிருமிகள் வேண்டும். மறுநாள் விடிகாலை நாலு மணிக்கு பிளாஸ்டிக் கேனோடு ஆட்டுத்தொட்டிக்குப் போனேன். அப்போது அறுத்த ஆடுகளின் இரைப்பையிலிருந்து சக்கையைப் பிழிந்து, வேட்டித் துணியில் வடிகட்டி, சூடு ஆறாமல் கேனைச் சாக்கில் சுற்றி டி.வி.எஸ். 50-இல் வைத்துக்கொண்டு வந்தேன். மாட்டுக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கண்றாவியையா சார் உள்ளே விடப்போறீங்க?" என்றார். விட்டோம். சாயங்காலம் மாடு ஒரு வாய் வைக்கோலைக் கடித்தது, மறுநாள் அசைபோட்டது. எல்லா மாடும் இப்படி எழுந்ததில்லை. இது தின்ற ஆறு மணி நேரத்தில் வந்த மாடு, உங்களுடையதைப் போல மறுநாள் மதியம் வரை பொறுக்கவில்லை.

அதனால் இனி இப்படி நடந்தால், மாடு படுக்கும் வரை காத்திருக்காதீர்கள். தின்றது தெரிந்த உடனே மிச்சத்தை அகற்றிவிட்டு, 1962-க்கு போன் செய்யுங்கள், நடமாடும் கால்நடை மருத்துவ வண்டிக்கான இலவச எண் அது. வரும் வரை வைக்கோல் மட்டும் முன்னால் போடுங்கள், மெல்லட்டும், உமிழ்நீர் ஊறட்டும். நிற்கிற, நன்றாக விழுங்குகிற பெரிய மாடாக இருந்தால் 100 கிராம் ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்வோம். ஆனால் போனில் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். தலையை வானத்துக்குத் தூக்கி, நாக்கை வெளியே இழுத்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். படுத்துவிட்ட மாட்டுக்கு வாய் வழியே எதையும் ஊற்றக் கூடாது. வயிறு சரியில்லாத மாட்டுக்குத் தெம்பு வரட்டும் என்று கஞ்சி காய்ச்சி ஊற்றுபவர்களையும் பார்த்திருக்கிறேன், எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான் அது.

ரூமென் வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். இடது பக்கம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதே, பசிக்குழி என்பார்கள். அங்கே முஷ்டியை அழுத்தி வைத்து இரண்டு நிமிஷம் நில்லுங்கள். இரண்டு மூன்று தடவை உள்ளேயிருந்து உங்கள் கையைத் தள்ள வேண்டும். தள்ளவே இல்லை, அசையும் போடவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம் கன்று. பிறந்த கன்றுக்கும் நாலு அறை உண்டு, ஆனால் அப்போது பெரியது நாலாவது அறைதான். முதல் அறை சுருங்கிய பை மாதிரி கிடக்கும். கன்று சப்பிக் குடிக்கும்போது உணவுக்குழாய் முடிகிற இடத்தில் ஒரு மடிப்பு மூடிக் குழாயாகி, பாலை ரூமெனில் விழவிடாமல் நேரே நாலாவது அறையில் கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் ரப்பர் காம்பு வைத்த பாட்டிலில், தலை இயல்பான உயரத்தில் இருக்க, சப்பிக் குடிக்கவிடுங்கள். வாயில் கவிழ்த்து ஊற்றினால் மடிப்பு சரியாக மூடாமல் பால் ரூமெனில் விழுந்து அங்கே கெட்டுப்போகும். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு பால், உடம்புச் சூட்டில், இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். 25 கிலோ கன்றுக்கு நாளைக்கு இரண்டரை லிட்டர். குடிக்கத் தண்ணீர் தனியாக எப்போதும் இருக்கட்டும்.

இருபது நாளைத் தாண்டிவிட்டதால் கன்றுத்தீவனம் ஒரு பிடி, மெல்லிய காய்ந்த புல் கொஞ்சம் என்று இப்போதே முன்னால் வைக்கலாம். கன்றுத்தீவனத்திலும் மாவுச்சத்துதான் இருக்கிறது. அதைக் கிருமிகள் தின்று விடும் பியூட்டிரிக் அமிலம் பட்டுத்தான் கன்றின் ரூமெனில் அந்தத் துண்டுச் சொரசொரப்பே முளைக்கிறது. தாயைக் கொன்ற சரக்கு பிள்ளைக்கு இப்போது வேண்டியிருக்கிறது, பிடி அளவில். மூன்று மாதம் போல ஆகும்போது கன்று வளர்ந்த மாடு போல அசைபோடும். கிருமிகள் எங்கிருந்து வரும் என்றால், தாய் நக்குவதிலிருந்தும் பக்கத்து மாடுகளின் வாயிலிருந்தும்தான். தாய் இல்லாததால், அத்தையின் மாட்டுக்கு அருகில் முகத்தோடு முகம் படும்படி தினமும் கொஞ்ச நேரம் கட்டிவையுங்கள்.

அந்த மாட்டைப் பற்றியும் ஒரு விஷயம். எழுந்துவிட்டது என்று அத்தை விட்டுவிட வேண்டாம். இந்த நோயில் தப்பிய மாடுகளுக்குச் சில வாரம் கழித்துக் குளம்பு வலி வருவதுண்டு. முதுகை வளைத்து நின்றாலோ, சிமெண்ட் தரையில் கால் ஊன்றத் தயங்கினாலோ, குளம்பைத் தொட்டால் சூடாக இருந்தாலோ டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அடுத்த இரண்டு மாதம் கறக்க உட்காரும்போதெல்லாம் ஒரு தடவை கால்களையும் பார்த்துக்கொள்ளட்டும்.